எட்டாவது பலகை

மீன் மூழ்கவில்லை.

மூழ்காமலிருக்க அதற்கு ஒரு காரணமும் கிடையாது. வழவழவென்று இழைத்து, மூன்று துண்டாக அறுத்து, துண்டுக்குத் துண்டு பித்தளை வளையம் கோத்து, வயிற்றில் இரண்டு முள் தொங்கவிட்ட மர மீன் அது. தூண்டிலில் கட்டி இழுத்தால் உடம்பை நெளித்து நெளித்து நீந்தும்; பெரிய மீன் ஏமாந்து வந்து கவ்வும். ஈயம் வைக்கும் முன்பே அதை விளிம்புவரை நீர் நிரப்பிய குவளைக்குள் அமுக்கி, வழிந்த தண்ணீரைப் பிடித்து அவன் நிறுத்துப் பார்த்திருந்தான். நாற்பது கிராம். மரமும் முள்ளும் ஈயமும் சேர்ந்து சரியாக நாற்பது வந்தால் மீன் மேலேயும் வராது, கீழேயும் போகாது. நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கும். தூண்டில் கடைக்காரர் கேட்டிருந்ததும் அப்படி ஒன்றைத்தான். இப்போது தராசு நாற்பத்து மூன்று காட்டியது. மீன் என்னவோ தொட்டியில் ஒய்யாரமாக மிதந்துகொண்டிருந்தது.

தராசைத் திட்டினான். கை கழுவித் துடைத்துவிட்டு, எடை அச்சிட்ட ஆணிப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் அதன்மேல் வைத்துப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு துண்டு ஈயக் கம்பியை வெட்டி, ரப்பர் வளையத்தில் சொருகி மீனின் வயிற்றோடு கட்டினான். நாற்பத்தேழு. மிதந்தது. இன்னொரு துண்டு. ஐம்பத்திரண்டு. மிதந்தது.

மத்தியானம் மூன்று மணி. நல்ல வெயில். பின்கட்டு அறையின் ஒற்றைச் சன்னல் வழியாக வெளிச்சம் சாய்ந்து விழுந்து, மேசையிலிருந்த உளி, உப்புத்தாள், வார்னிஷ் டப்பா எல்லாவற்றையும் ஒன்று விடாமல் காட்டியது. பயப்படுகிற நேரமே இல்லை அது. முன்பு குளியலறையாக இருந்த இடம்; மூலையில் அந்தக் காலத்துக் குளியல் தொட்டி இன்னும் கிடந்தது. அதன் கால்கள் என்றோ உடைந்துபோனதால் நான்கு செங்கல்மேல் ஏற்றி வைத்திருந்தான். ஆழம் ஒன்றரைச் சாண். அடியில் கை நுழைகிற அளவு இடைவெளி. வேலைக்கு உட்காரும்போது செருப்பைக் கழற்றி அங்கேதான் தள்ளிவிடுவான். மீன்களைச் சோதிக்க அதைவிட வசதியான தொட்டி கிடைக்காது.

ஐம்பத்தெட்டு.

மீன் இப்போது படுத்து மிதக்கவில்லை. நிமிர்ந்திருந்தது. எடையெல்லாம் முன்வயிற்றில் இருக்கும்போது தலைதான் தாழ வேண்டும். பத்து வருஷமாக அவன் செய்த ஒரு மீன்கூட வேறு மாதிரி நடந்துகொண்டதில்லை. இது வாலைக் கீழே தொங்கவிட்டு, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயை மேல்நோக்கிக் காட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் அசையவில்லை. ஆனால் அடியிலிருந்த இரண்டு துண்டுகளும் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக மாறி மாறி மெல்ல உதைத்துக்கொண்டிருந்தன. வளையத்தில் வளையம் இடிக்கும் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வந்தது. டிக். டிக். டிக்.

நீச்சல் தெரியாதவன் அப்படித்தான் உதைப்பான்.

அந்த நினைப்பு வந்ததும் அவன் மீனைப் பிடுங்கி எடுத்தான். மேசையில் வைத்தான். கையைத் துணியில் துடைத்தான், துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டேயிருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான், பார்த்தான். காலி ஆணி. மூன்று மாதமாகக் காலி.

அந்த ஆணியில்தான் மிதவைச் சட்டை தொங்கியது. படகில் போகும்போது உடம்போடு கட்டிக்கொள்ளும் பழைய மாதிரிச் சட்டை. கான்வாஸ் துணிக்குள் எட்டு அறை, அறைக்கு ஒரு பலகை. பலகை என்றால் கையில் எடுத்தால் காற்றைத் தூக்குவதுபோல இருக்கும். அப்படியொரு மரம் எந்த மரக்கடையிலும் கிடைக்காது. ஒரு நாள் சும்மா ஒரு அறையின் தையலைப் பிரித்துப் பார்த்தான். ஒன்றுதானே, ஏழு இருக்கிறதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு எடுத்துச் செதுக்கினான். அந்த மீன் தண்ணீரில் நெளிந்த நெளிவைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் அசந்துபோனார். அதில் யாரோ பிடித்த பெரிய மீனின் படத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டி, கீழே "நம்ம ஆள் செய்தது" என்று எழுதியும் வைத்தார். அந்தக் கடைப் பக்கம் வேலையே இல்லாமல் அவன் எத்தனை தடவை நடந்திருப்பான் என்று கேட்டால் வெட்கக்கேடு. இரண்டாவது பலகையை எடுத்தான். பிறகு மூன்றாவது. புகழ் ருசி கண்ட கை நிற்கவா போகிறது? எட்டும் வெளியே வந்துவிட்டன. சட்டை தொளதொளவென்று தொங்கினால் தெரிந்துவிடும் என்பதற்காக அறைகளில் மரத்தூளை அடைத்துத் தைத்தான். அந்த மாதம் யாருக்கோ அலமாரி செய்த மரத்தின் சிவப்புத் தூள். அடுத்த வாரம் தெர்மோகோல் வாங்கி ஒழுங்காக வைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம்.

ஒரு நாள் தங்கையின் புருஷன் வந்தார். படகு இரண்டு பேருக்கும் பொது. மாப்பிள்ளைக்கு நீச்சல் வராது, ஆனால் ஏரியென்றால் உயிர். "உங்க அண்ணன் மீனையே ஏமாத்துற ஆளு, நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்று தங்கையிடம் கேலி பேசுவார். அன்றைக்கு அவன் ஒரு மீனுக்குக் கண் வரைந்துகொண்டிருந்தான். கண் வரைவது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை.

"மச்சான், இந்தச் சட்டையை எடுத்துக்கவா?"

சொல்லியிருக்கலாம். வேண்டாம் மாப்பிள்ளை, அதில் ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் ஏன் இல்லை என்று அவர் கேட்பார், அவன் சொல்ல வேண்டும், அவர் சிரிப்பார், வீட்டில் போய்ச் சொல்வார், தங்கை பிடிபிடியென்று பிடிப்பாள். ஏரி அமைதியாகத்தான் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவார். தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவன், "ம்" என்றான்.

அந்த ஒரு "ம்".

காற்று எங்கிருந்தோ வந்தது. படகு கவிழ்ந்து கிடைத்தது. ஆள் கிடைக்கவேயில்லை. நாலு நாள் தேடியவர்கள், சட்டை போட்டிருந்தால் இந்நேரம் மேலே வந்திருப்பார், கொண்டுபோயும் போடாமல் படகிலேயே வைத்திருந்திருக்கிறார், சட்டை எங்கேயோ அடித்துப் போயிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டுக் கிளம்பினார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட, என்ன மனுஷன், ஒரு சட்டையை மாட்டிக்கொண்டால் குறைந்தா போவார் என்று செத்தவரைக் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

மேசைமேல் இருந்தது எட்டாவது பலகையில் செய்த மீன். கடைசி மீன். இதையும் கொடுத்துத் தொலைத்துவிட்டால் அந்த மரத்தில் ஒரு சிராய்கூட வீட்டில் மிஞ்சாது, அதோடு எல்லாம் தீர்ந்தது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

டிக்.

மேசையில் தண்ணீர் இல்லை. காற்றும் இல்லை. வால் துண்டு மட்டும் ஒரு தடவை அசைந்து அடங்கியது.

அவனுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மரத்துண்டு நம்மிடம் விளையாடுவதா? கரண்டியில் ஈயத்தை உருக்கினான். நாக்கில் இரும்பு ருசி தட்டுகிற அந்த வாசனை அறையெங்கும் பரவியது. மீனின் வயிற்றில் இருந்த துளைகளைப் பெரிதாக்கி, ஊற்றினான். ஆறியது. போட்டான். மிதந்தது. மேலும் துளைத்தான், ஊற்றினான், போட்டான். தலை மேலே, வாய் மேலே, கால் மாதிரி அடித்துக்கொள்ளும் இரண்டு துண்டு. கடைசியில் எரிச்சல் தாங்காமல் கம்பி வெட்டும் இடுக்கியையே அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டான். முழு இரும்பு இடுக்கி. தொட்டியில் விட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

இடுக்கி தண்ணீருக்குள் தொங்கியது. மீன் அதைத் தாங்கிக்கொண்டு நின்றது. ஒரு ஆளையே தாங்கப் பிறந்த மரத்துக்கு ஓர் இடுக்கி என்ன பாரம் என்று நினைத்தான்.

"அண்ணே! உள்ளதான் இருக்கியா?"

தூக்கிவாரிப்போட்டது. தங்கையின் குரல். முன்கதவு திறந்து கிடந்திருக்கிறது. நேராகப் பின்கட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். தையல் கூடத்திலிருந்து நேரே வருகிறாள்போல, சேலைத் தோளில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது, கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"மூக்கைத் துளைக்குது. என்னத்தக் காய்ச்சுற?"

"ஈயம்."

"நல்லாக் காய்ச்சு. இந்த வீட்ல உலை காயுதோ இல்லையோ, ஈயம் காயும்." வாசல் நிலையில் சாய்ந்தாள். "என் கோணி ஊசி எங்க? சாக்குத் தைக்கணும்னு வாங்கிட்டு வந்தே. நாலு மாசமாச்சு."

"இப்ப எதுக்கு?"

"அவரு துணியெல்லாம் மூட்டை கட்டிட்டேன். வாயைத் தைச்சு யாருக்காவது குடுத்துட்டா விட்டது சனி. அலமாரியைத் திறந்தாலே ஆத்திரம் ஆத்திரமா வருதுண்ணே."

"நானே தைச்சுத் தரட்டுமா?"

"ஐயோ, நீயா?" மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போடுவே. சின்ன வயசுல பொத்தான் தைச்சதுல இருந்து அப்படித்தானே? கண்ணை மூடிட்டுத் தடவினாக்கூட உன் தையல்னு சொல்லிடுவேன். நீ ஊசியைக் குடு, போதும்."

அவன் நகரவில்லை. தொட்டியைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றான். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம். டிக். டிக். அவளுக்குக் கேட்கிறதா என்று முகத்தைப் பார்த்தான். அவள் கதவின் பின்பக்கத்து ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்ததுக்கு அழலாம்ணே," என்றாள். "அலட்சியத்துக்கு எப்படி அழறது? கழுத்தை உறுத்துதாம், அதனால அந்தச் சட்டை வேணாமாம். எத்தனை தடவை கத்தியிருப்பேன்! பொண்டாட்டி ஒருத்தி வீட்ல இருக்காங்கற நினைப்பு இருந்தா மாட்டிக்கிட்டுப் போக மாட்டாரா? என்னைப் பத்தி ஒரு நிமிஷம் நினைக்கலண்ணே அந்த மனுஷன். அதான் எனக்கு ஆறல. ராத்திரி படுத்தா அதான். நினைக்கல, நினைக்கலன்னு."

இப்போது சொல்லிவிடலாம்.

வாயைத் திறந்தும்விட்டான். மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டுதான் போனார், உன்னை நினைத்துத்தான் கட்டிக்கொண்டார், கொன்றது நான். நாக்கு நுனிவரை வந்தது. அவளுக்கு அந்தப் புருஷனைத் திருப்பிக் கொடுக்க அவனிடம் இருந்தது அவ்வளவுதான். கொடுத்தால் அண்ணன் போய்விடுவான். அவள் முகத்தைப் பார்த்தான். ஆத்திரத்தையாவது பிடித்துக்கொண்டு நிற்கிற முகம். அவளுக்காகத்தான் சொல்லவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ள அதுவும் போதுமானதாக இருந்தது.

"ஆமா," என்றான். "போட்டிருக்கலாம். நானும் சொன்னேன். கேக்கல."

களக்.

பின்னால், தொட்டியில். திரும்பினான். தண்ணீர்மேல் ஒன்றுமில்லை. மீன் இல்லை, ஒரு நீர்வளையம் மட்டும் விரிந்து விளிம்பைத் தொட்டு அழிந்தது. எட்டிப் பார்த்தான். ஒன்றரைச் சாண் தண்ணீர், வெள்ளையாக அடி தெரிய வேண்டும். தெரியவில்லை. பச்சையாக, கலங்கலாக, கீழே போகப் போக இருட்டாக இருந்தது. பாசி வாடை. குழாய்த் தண்ணீருக்கு ஏது பாசி வாடை?

அந்த இருட்டிலிருந்து என்னவோ மேலே வந்தது. மிகச் சின்னது. மெதுவாக வந்து தண்ணீர்மேல் மிதந்தது. விரலால் தொட்டு எடுத்தான்.

சிவப்பு மரத்தூள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீ... நீ முன்னாடி போய் உக்காரு."

"உக்கார நேரமில்ல. ஊசியை எடுத்துட்டு வா, நான் இங்கயே நிக்கிறேன்."

அவளை முதலில் வெளியே அனுப்பு என்றது மனசு. ஊசியைக் கொடுத்தால் போய்விடுவாள் என்றது புத்தி. புத்தியைக் கேட்டான். முன்னறைக்கு ஓடினான். ஊசி எங்கே என்று அவனுக்குத் தேடத் தேவையில்லை. மூன்று மாதமாக அந்த இழுப்பறையை அவன் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்தான். பழைய ரசீதுகளுக்கு அடியில் ஊசி இருந்தது. காதில் கோத்த நீல நைலான் நூல் அப்படியே இருந்தது, சட்டையைத் தைத்து முடித்து அறுத்த மிச்சம். நூலில் ஈரம். காய்ந்த இழுப்பறைக்குள் மூன்று மாதம் கிடந்த நூலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவன் மணிக்கட்டில் விழுந்தது.

நூலை உருவப் பார்த்தான். வரவில்லை. பல்லால் கடித்தான். பாசி ருசி.

"அண்ணே," என்று பின்கட்டிலிருந்து அவள் குரல் கேட்டது, சாதாரணமாக. "உன் மீனு மூழ்கிடுச்சு போலிருக்கே. எடுக்கட்டுமா?"

தொடாதே.

கத்தினான். கத்தியதாகத்தான் நினைத்தான். குரல் வரவில்லை.

தண்ணீர் சலசலத்தது. ஒரே ஒரு தடவை.

பிறகு சத்தமில்லை.

ஓடினான். கூடத்தைக் கடந்தான். வழக்கமாக எட்டு அடி. முடியவில்லை, நீண்டது. வாசல் நிலையைப் பிடித்தான்.

அவள் தொட்டி ஓரத்தில் மண்டியிட்டிருந்தாள். வலது கை தண்ணீருக்குள். முழங்கைவரை இல்லை. தோள்வரை. கன்னம் தண்ணீரில் பதிந்திருந்தது. தண்ணீரே தெரியவில்லை, மேலெல்லாம் சிவப்பு மரத்தூள், தடிமனாக. கீழிருந்து இன்னும் வந்துகொண்டிருந்தது.

ஒன்றரைச் சாண் தொட்டி.

அவன் கண் தானாகக் கீழே போனது. செங்கற்களுக்கு நடுவில் சன்னல் வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. சிமெண்டுத் தரை காய்ந்திருந்தது. அவன் செருப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"கையை எடு," என்றான்.

"விட மாட்டேங்கறாருண்ணே."

அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று மாதத்து ஆத்திரம் மொத்தமும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது அந்த முகம். கண்ணில் நீர் வழிந்து தூளில் இறங்கியது.

"போட்டுட்டுதான்ணே போயிருக்காரு," என்றாள். "தொட்டுப் பாத்துட்டேன். சட்டையை நல்லாக் கட்டித்தான் இருக்காரு. எல்லா நாடாவும். நான் சொன்னதைக் கேட்டிருக்காருண்ணே."

"எடுத்துடு... வா..."

அவள் கேட்கவில்லை. தோள் மெல்ல அசைந்தது. தையற்காரியின் கை அது, தண்ணீருக்குள் எதன்மீதோ தடவிக்கொண்டு போவது தெரிந்தது. அசைந்தது. நின்றது. அசைந்தது. நின்றது.

ஓர் அங்குலம். நின்றது.

ஓர் அங்குலம். நின்றது.

அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் போனது. கண் திரும்பியது. அவன் முகத்துக்கு வரவில்லை. அவன் கையிலிருந்த ஊசிக்கு வந்தது. அதில் தொங்கிய நீல நூலுக்கு. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு.

"முடிச்சு," என்றாள்.

டிக். டிக். டிக். எங்கோ வெகு ஆழத்தில்.

அவள் தோள் இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனது. சிவப்புத் தூள் அவள் வாயோரம்வரை ஏறியது. இடது கையை அவன் பக்கம் நீட்டினாள், உள்ளங்கையை விரித்து, கண்ணை ஊசியிலிருந்து எடுக்காமல். அந்தக் கையும் நனைந்திருந்தது. தொட்டிக்கு அடியில் அவன் செருப்பு காய்ந்தபடியே கிடந்தது.